கர்ப்ப காலச் சிறுநீர்த் தொற்று: கல்ச்சர் ரிப்போர்ட்டில் பாதிக்கு மேல் "ரெசிஸ்டன்ட்" என்று வந்திருக்கிறது

தாமிரபரணி (திருநெல்வேலி) | செவ்வாய், இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இது 23-வது வாரம், முதல் குழந்தை. நாலாவது மாதத்தில் நீர்க்கடுப்பு வந்தது. ஒரே எரிச்சல். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போக வேண்டும் போலிருக்கும், போனால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். உடம்புச் சூடு என்று அத்தை சொன்னார். பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவினோம், இளநீர், பார்லிக் கஞ்சி எல்லாம் ஆயிற்று. நாலு நாள் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கிளினிக்குக்குப் போனோம். சிறுநீர் எடுத்துப் பார்க்கவில்லை, செஃபிக்சிம் மாத்திரை ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாளே எரிச்சல் குறைந்தது. சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மூன்று வாரத்தில் திரும்ப வந்துவிட்டது. இப்போது காட்டும் மகப்பேறு மருத்துவர், மாத்திரைக்கு முன்னால் கல்ச்சர் கொடுத்துவிட்டு வா என்றார். நேற்று ரிப்போர்ட் வந்தது. ஈ.கோலை, ஒரு மில்லி லிட்டருக்கு 1,00,000-க்கு மேல். ஈ.எஸ்.பி.எல். பாசிட்டிவ். கீழே பதினாறு மருந்துப் பெயர்கள், அவற்றில் பத்துக்கு எதிரே "ரெசிஸ்டன்ட்". நைட்ரோஃபியூரான்டாயின், ஃபாஸ்ஃபோமைசின், அமிக்காசின், மெரோபெனம் இன்னும் இரண்டுக்கு மட்டும் கேட்கிறதாம். நைட்ரோஃபியூரான்டாயின் ஏழு நாளைக்கு எழுதியிருக்கிறார்.

வாங்கி வந்த அட்டை நேற்று சாயங்காலத்திலிருந்து மேசை மேல் பிரிக்காமல் இருக்கிறது. குழந்தை வயிற்றில் இருக்கும்போது இத்தனை ஆன்டிபயாட்டிக் கூடாது என்று அத்தை பயப்படுகிறார். எனக்கும் பயம்தான். இந்த ரெசிஸ்டன்ஸ் என் உடம்பில் எப்படி வந்தது? மாத்திரையைப் போடலாமா?

செவ்வந்தி | செவ்வாய், இரவு 11.05

தங்கச்சி, சாப்பிட்டுவிட்டு முதல் மாத்திரையைப் போட்டுக்கொள். காரணத்தை நாளை எழுதுகிறேன், என் பையன் இன்னும் தூங்கவில்லை. காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவுக்குப் பின்பக்கம் வலி, வாந்தி, இதில் எதாவது இருக்கிறதா? இருந்தால் மாத்திரையோடு வீட்டில் உட்காராதே, இந்த இரவே ஆஸ்பத்திரிக்குப் போ.

தாமிரபரணி | செவ்வாய், இரவு 11.12

காய்ச்சல் இல்லை அக்கா. வலி அடிவயிற்றில் மட்டும்தான்.

லேப்_மேசை (மதுரை) | புதன், காலை 6.30

சகோதரி, நான் பதினான்கு வருடமாக மைக்ரோபயாலஜி லேபில் வேலை பார்க்கிறேன். மாத்திரையைப் பற்றி மருத்துவர்கள் சொல்லட்டும். உங்கள் கையில் இருக்கும் தாளைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அதைத் தயாரிப்பது எங்கள் வேலை. அதை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் முகத்தில் தெரியும் குழப்பத்தையும் தினமும் பார்க்கிறேன்.

முதலில், எதிர்ப்பு என்ற சொல். "நோய் எதிர்ப்புச் சக்தி" என்று கேட்டுப் பழகியதால், ரெசிஸ்டன்ஸ் என்றால் நம் உடம்புக்கு ஏதோ வந்திருக்கிறது என்று நினைக்கிறோம். ரெசிஸ்டன்ஸ் நிறைய இருக்கிறதே, நல்லதுதானே என்று கேட்ட ஒரு கணவரும் உண்டு. மருந்தை எதிர்ப்பது கிருமி. உங்கள் உடம்பு மருந்துக்குப் பழகிப் போய்விடவில்லை. வேறு நோய்க்கு, வேறு கிருமிக்கு அதே செஃபிக்சிம் உங்களுக்கு வேலை செய்யக்கூடும்.

நீங்கள் கொடுத்த சிறுநீரில் ஒரு சின்னக் கம்பி வளையத்தால் துளி எடுத்துத் தட்டில் தேய்த்து 37 டிகிரியில் ஒரு இரவு வைப்போம். மறுநாள் அதில் முளைத்திருக்கும் கூட்டங்களை எண்ணுவோம். 1,00,000 என்ற கணக்கு 1950-களில் அமெரிக்காவின் பாஸ்டனில் எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர் வகுத்தது. கர்ப்பிணிகள் வெளியில் எந்தத் தொந்தரவும் தெரியாமலே சிறுநீரில் கிருமியோடு இருக்கிறார்கள், அதுவே பிறகு சிறுநீரகத்துக்கு ஏறுகிறது என்று காட்டியவரும் அவர்தான். அப்புறம் வேறொரு தட்டில் அந்தக் கிருமியைப் பரப்பி, மேலே மருந்து நனைத்த சின்னச் சின்ன வட்டக் காகிதங்களை வைப்போம். மறுநாள் எந்தக் காகிதத்தைச் சுற்றி வெறும் வட்டம் விழுந்திருக்கிறதோ அந்த மருந்துக்குக் கிருமி அடங்கியது. விளிம்பு வரை நெருங்கி வளர்ந்திருந்தால் அடங்கவில்லை. இப்போது பல இடங்களில் இயந்திரமும் இதைச் செய்கிறது. எப்படிச் செய்தாலும் கிருமி வளர்ந்துதான் ஆக வேண்டும். ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆவது அதனால்தான், லேப்காரர் சோம்பலால் அல்ல.

ஈ.எஸ்.பி.எல். என்பது ஒரு நொதி. அமாக்சிசிலின், செஃபிக்சிம், செஃப்ட்ரியாக்சோன் ஆகிய எல்லாவற்றின் உள்ளேயும் பீட்டா லாக்டம் என்ற ஒரே வகை வளையம் இருக்கிறது. இந்த நொதி அந்த வளையத்தை வெட்டிவிடும். ஒன்றை வெட்டத் தெரிந்தால் அந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவற்றை வெட்டத் தெரியும். பத்து மருந்து ஒரேயடியாகப் போனது இதனால்தான். நொதியைச் செய்யும் மரபணு, கிருமிக்குள் இருக்கும் பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையத்தில் இருக்கிறது. சிப்ரோஃபிளாக்சசின், கோட்ரைமாக்சசோல் வகைகளைத் தாங்கும் மரபணுக்களும் பல சமயம் அதே வளையத்தில் உட்கார்ந்திருக்கும். ஒரு கிருமி இதைப் பக்கத்துக் கிருமிக்குக் கொடுத்துவிட முடியும். உறை மோர் கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு கரண்டி கொடுத்தால் அவர்கள் வீட்டுப் பாலும் தயிராகும், நம் வீட்டுத் தயிரும் குறையாது. அப்படித்தான் இது பரவுகிறது. இந்த வகையில் இன்று உலகம் முழுக்க மிக அதிகமாகக் காணப்படும் சி.டி.எக்ஸ்-எம்-15 என்ற நொதி முதலில் விவரிக்கப்பட்டது டெல்லியில் எடுத்த மாதிரிகளில்தான்.

எப்படி வந்தது என்று கேட்டீர்கள். ஈ.கோலை குடலில் இருக்கும் கிருமி, எல்லோருக்கும் உண்டு. அங்கிருந்து சிறுநீர்த் துவாரத்துக்கு வருவது பெண்களுக்கு மிகக் குறுகிய தூரம். சளிக்கு, வயிற்றுப்போக்குக்கு, பல் வலிக்கு என்று எப்போதோ போட்ட ஆன்டிபயாட்டிக் குடலில் இருக்கும் சாதுவான கிருமிகளைக் கொன்று, தாங்கக்கூடியதை மட்டும் விட்டுவைக்கும். இடம் காலியானதும் அது பெருகும். மாதக்கணக்கில் ஒரு தொந்தரவும் தராமல் உள்ளேயே இருக்கும். நீங்கள் எதுவுமே போடாமலும் வந்திருக்கலாம். தண்ணீர், சாப்பாடு, வீட்டில் இன்னொருவர் கை, ஆஸ்பத்திரி, எது வழியாகவும் வரும். உங்கள் மேல் தவறு என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

தாமிரபரணி | புதன், காலை 7.50

இதைப் படித்ததும் ஒன்று ஞாபகம் வருகிறது. கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஹாஸ்டலில் இருந்தபோது வயிறு கெட்டால் எல்லோரும் நார்ஃபிளாக்சசின் வாங்கிப் போடுவோம். இரண்டு மாத்திரை, நின்றதும் நிறுத்திவிடுவோம். வருடத்தில் மூன்று நாலு தடவையாவது இருக்கும்.

பிரசவ_வார்டு | புதன், மதியம் 2.15

நான் மகப்பேறு மருத்துவர், அரசுப் பணியில் இருக்கிறேன். உங்களை நேரில் பார்க்காமல் உங்கள் மருத்துவர் எழுதியதை மாற்றிச் சொல்ல மாட்டேன். மாற்றவும் வேண்டியதில்லை, அவர் செய்தது சரியான முறை.

நைட்ரோஃபியூரான்டாயின் 1953-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. இரத்தத்தில் அதிகம் தங்காமல் நேராகச் சிறுநீரில் போய்ச் சேரும். கிருமியைப் பல இடங்களில் ஒரே சமயத்தில் தாக்குவதால், இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஈ.கோலை இதற்கு எளிதில் பழகவில்லை. 23-வது வாரம் இதைக் கொடுக்கத் தகுந்த காலம்தான். சாப்பாட்டோடு போட்டால் குமட்டல் குறையும். சிறுநீர் அடர் மஞ்சளாக, சில சமயம் தேநீர் நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம். ஆனால் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். ஜி6பிடி குறைபாடு (இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உங்களுக்கோ குடும்பத்திலோ இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு இதனால் இரத்த அணுக்கள் உடையும். பிரசவத்தை நெருங்கும்போதும், ஏறத்தாழ 38-வது வாரத்துக்கு மேல், பிறக்கும் குழந்தையின் இரத்த அணுக்களைக் கருதி இதைத் தவிர்ப்போம். அதனால் அட்டையில் மிச்சம் இருந்தால் பிற்பாடு உதவும் என்று எடுத்து வைக்காதீர்கள்.

இன்னொன்று, இந்த மருந்து சிறுநீர்ப்பையோடு நின்றுவிடும், சிறுநீரகத்தின் சதைக்குள் போதுமான அளவு போய்ச் சேராது. காய்ச்சலும் முதுகுப்பக்க வலியும் வந்தால் இது போதாது என்று சொல்வது அதனால்தான். அப்போது ஊசி வழியாகத்தான் மருந்து.

உங்கள் அத்தையிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். கர்ப்பத்தில் புரொஜெஸ்டிரான் கூடுவதால் சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் குழாய்கள் தளர்ந்துபோகும். கருப்பை வளர வளர அவற்றை அழுத்தும், அதிலும் வலப்பக்கம் அதிகம். சிறுநீர் ஓடாமல் தேங்கும். சாதாரணமாகப் பையிலேயே நின்றுவிடும் கிருமி தேங்கிய நீரில் மேலே ஏறிவிடும். மருந்து கொடுக்கவில்லை என்றால் நூறு பேரில் இருபது முதல் முப்பத்தைந்து பேர் வரை சிறுநீரகத் தொற்றுக்குப் போவார்கள் என்பது பழைய ஆய்வுகளின் கணக்கு. குழந்தைக்கு ஆபத்து அந்தக் காய்ச்சலில் இருக்கிறது, குறைமாதப் பிரசவம் வரை கொண்டுபோகும். கர்ப்பத்தில் நாங்கள் ஒதுக்கும் மருந்துகள் உண்மையிலேயே உண்டு: டெட்ராசைக்ளின் குழந்தையின் பல்லைக் கறையாக்கும், சிப்ரோஃபிளாக்சசின் வகையையும் தவிர்க்கிறோம், ஃபோலிக் அமிலத்தைத் தடுப்பதால் ட்ரைமெத்தோப்ரிம் முதல் மூன்று மாதத்தில் கூடாது. இப்படி ஒவ்வொன்றாக நீக்கி, கிருமி ஏற்கெனவே பழகியதையும் நீக்கினால் மிச்சம் மூன்று நாலு மருந்துதான். கர்ப்பிணிக்கு ரெசிஸ்டன்ஸ் வந்தால் மற்றவர்களைவிட நெருக்கடி அதிகம் என்பதற்கு இதுதான் காரணம்.

மருந்து முடிந்து ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் திரும்ப ஒரு கல்ச்சர் எடுக்க வேண்டும். எரிச்சல் நின்றதை வைத்து முடிவு செய்யாதீர்கள். செஃபிக்சிமில் எரிச்சல் குறைந்ததும் நீங்கள் நம்பியது போலத்தான் ஆகும்.

இயற்கைவழி | புதன், மாலை 6.20

டாக்டர் அம்மாவுக்கு மரியாதையோடு ஒரு கேள்வி. எங்கள் பாட்டி காலத்தில் நீர்க்கடுப்புக்குச் சிறுபீளைக் கஷாயமும் நெருஞ்சில் குடிநீரும்தான். பொங்கலுக்குக் காப்புக் கட்டும் சிறுபீளை வெறும் அலங்காரத்துக்கு இல்லை. எதற்கெடுத்தாலும் ஆன்டிபயாட்டிக் என்று போனதால்தானே கிருமி இப்படிப் பழகியது? அதிலும் தொந்தரவே இல்லாதவர்களுக்கும் சிறுநீரில் கிருமி இருக்கிறது என்று தேடிப் பிடித்து மருந்து கொடுப்பது ரெசிஸ்டன்ஸை இன்னும் கூட்டாதா?

பிரசவ_வார்டு | புதன், இரவு 9.30

உங்கள் இரண்டாவது கேள்வி மருத்துவர்களுக்குள்ளேயே இருக்கும் கேள்வி. நெதர்லாந்தில் 2015-ல் ஒரு நல்ல ஆய்வு வந்தது. வேறு சிக்கல் எதுவும் இல்லாத, ஒற்றைக் குழந்தை சுமக்கும் பெண்களைப் பார்த்தார்கள். அறிகுறி இல்லாமல் கிருமி இருந்து, மருந்து கொடுக்காமல் விட்டவர்களில் சிறுநீரகத் தொற்று வந்தது 2.4 சதவீதம் பேருக்குத்தான். கிருமியே இல்லாதவர்களில் 0.6 சதவீதம். நான் மேலே சொன்ன பழைய கணக்கைவிட மிகவும் குறைவு. ஆகவே கேள்வி நியாயமானது.

ஆனால் அந்தப் பெண்கள் தொடர்ந்து கண்காணிப்பில் இருந்தவர்கள். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஒரு மருத்துவரை எட்ட முடிந்தவர்கள். என் வார்டுக்கு வருகிறவர்களில் பலருக்கு இரத்தசோகை, சர்க்கரை, முன்பே ஒரு குறைப்பிரசவம் என்று ஏதாவது இருக்கும். மூன்று நாள் காய்ச்சலோடு வீட்டில் படுத்துவிட்டுத்தான் வருவார்கள். உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட கர்ப்ப காலப் பராமரிப்பு வழிகாட்டியும் அறிகுறி இல்லாவிட்டாலும் ஏழு நாள் மருந்து கொடுக்கச் சொல்கிறது. நான் அதைத்தான் கடைப்பிடிக்கிறேன். அதே வழிகாட்டி, கண்டுபிடிக்கக் கல்ச்சர்தான் சரியான வழி என்றும் சொல்கிறது. இந்தப் பாதியைத்தான் நாம் விட்டுவிட்டோம். சாதாரண யூரின் டெஸ்டில் "பஸ் செல் 8-10" (பஸ் செல் என்றால் சீழ் அணு) என்று பார்த்ததும் ஆன்டிபயாட்டிக் எழுதுகிறோம். கர்ப்பத்தில் வெள்ளைப்படுதல் கலந்தாலே பஸ் செல் வரும். தேவையில்லாமல் மருந்து போவது அங்கேதான், கிருமி இருப்பது உறுதியான பெண்ணுக்குக் கொடுப்பதில் அல்ல. இதில் எங்கள் தொழிலுக்குப் பெரிய பங்கு இருக்கிறது, மறுக்க மாட்டேன்.

சிறுபீளை பற்றி: தண்ணீர், பார்லி, இளநீர் நிறையக் குடிக்கட்டும், ஒரு தடையும் இல்லை. நெருஞ்சில் கர்ப்பிணிக்குப் பாதுகாப்பானது என்று எனக்குக் காட்ட எதுவும் இல்லை, அதனால் தர மாட்டேன். பாட்டி காலத்தில் எத்தனை பிரசவங்கள் எப்படி முடிந்தன என்பதையும் நம் வீட்டுப் பெரியவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

இயற்கைவழி | புதன், இரவு 10.05

என் பாட்டிக்கு ஒன்பது குழந்தைகள். இருந்தது ஐந்து. காரணம் யாருக்கும் தெரியாது. நீங்கள் சொல்வதை யோசிக்கிறேன் அம்மா.

செவ்வந்தி | வியாழன், மதியம் 1.40

சொன்னபடி எழுதுகிறேன். என் பையன் வயிற்றில் இருந்தபோது நடந்தது, அப்போது 27-வது வாரம். அதற்கு ஒரு மாதம் முன்னால் எரிச்சல் இருந்தது, கணவர் மருந்துக் கடையில் சொல்லி ஏதோ மாத்திரை வாங்கி வந்தார். மூன்று போட்டேன், நின்றது, விட்டுவிட்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வலது விலாவுக்குப் பின்னால் வலி. வாயுப் பிடிப்பு என்று பூண்டு சுட்டுத் தின்றேன். சாயங்காலம் குளிர் நடுக்கம். ஏப்ரல் மாதம், மின்விசிறியை அணைத்துவிட்டு மூன்று போர்வை போர்த்தியும் பல் அடித்துக்கொண்டது. காய்ச்சல் 103. குடித்த தண்ணீர்கூட நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்து சிறுநீர், இரத்தம் இரண்டும் கல்ச்சருக்கு எடுத்துவிட்டு செஃப்ட்ரியாக்சோன் ஊசி ஆரம்பித்தார்கள். இரண்டு நாளாகக் காய்ச்சல் இறங்கவே இல்லை. மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது, உனக்கு வந்த அதே ஈ.எஸ்.பி.எல். அன்றிலிருந்து மெரோபெனம், எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. நடுவில் ஒரு இரவு வயிறு இறுகி இறுகி வலி எடுத்தது. குழந்தையின் நுரையீரலுக்கு என்று எனக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். 27 வாரத்துக் குழந்தை எவ்வளவு இருக்கும் என்று நர்ஸிடம் கேட்டேன், ஒரு கிலோ என்று சொன்னார். அந்த இரவு முழுக்க வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டே இருந்தேன்.

வலி நின்றது. மொத்தம் பதினான்கு நாள் ஊசி, கையில் நரம்பு கிடைக்காமல் காலில் போட்டார்கள். என் கணவர் நகையை வைத்துத்தான் பில் கட்டினார். பையன் 37-வது வாரத்தில் பிறந்தான், இப்போது இரண்டு வயது. வாரக்கணக்கில் ஒரு சாதாரண எரிச்சலைச் சுமந்துகொண்டு திரிந்தபோது ஒரு பாட்டிலில் சிறுநீர் கொடுத்திருந்தால் போதும். யாரும் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது.

கரூர்_மருந்தாளர் | வியாழன், இரவு 10.50

செவ்வந்தி அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கடையை மூடி வந்ததும் இதை எழுதுகிறேன். நான் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். உங்கள் கணவர் வந்த கடை எங்கள் கடையாகவும் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

கர்ப்பிணி ஒருபோதும் தானே வந்து கேட்பதில்லை. கணவர் வருவார், அண்ணன் வருவார், "நீர்க்கடுப்புக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்பார். யாருக்கு என்று சொல்வதில்லை. பழைய அட்டையின் கிழிந்த தகட்டுத் துண்டைக் காட்டி இதே வேண்டும் என்பார்கள். 2014 மார்ச் 1-லிருந்து எச்1 அட்டவணை நடைமுறையில் இருக்கிறது. செஃபிக்சிம் போன்றவற்றைச் சீட்டு இல்லாமல் தரக்கூடாது, மருத்துவர் பெயரும் நோயாளி பெயரும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கோடு இருக்கிறதே, அது இப்படிச் சீட்டு வேண்டிய மருந்து என்பதற்கான அடையாளம். சட்டம் இருக்கிறது. நான் தரமாட்டேன் என்றால் நாலு கடை தள்ளிப் போவார்கள், அங்கே கிடைக்கும். அந்த வாடிக்கையாளர் பிறகு என் கடைக்கு வரமாட்டார். இதைச் சாக்காகச் சொல்லவில்லை, நிலைமையைச் சொல்கிறேன். கேரளத்தில் சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்பதைப் பிடிக்க 2024-ல் தனியாகவே சோதனை தொடங்கினார்கள். இங்கேயும் எல்லாக் கடையிலும் ஒரே மாதிரி நடந்தால் என்னைப் போன்றவர்களுக்கு வேலை சுலபம்.

மூன்று வருடமாக ஒன்று செய்கிறேன். நீர்க்கடுப்பு என்று யார் வந்தாலும் முதல் கேள்வி "யாருக்கு?" என்பதுதான். முழுகாமல் இருக்கும் பெண்ணுக்கு என்று தெரிந்தால் மாத்திரைப் பேச்சை விட்டுவிட்டு மருத்துவரிடம் அனுப்புகிறேன்.

வெள்ளை_சேலை (ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்) | வெள்ளி, காலை 5.45

முப்பது வருடம் துணை சுகாதார நிலையத்தில் இருந்தவள். கர்ப்பிணிகள் மாதா மாதம் சிறுநீர் கொண்டு வருவார்கள், உப்பு, சர்க்கரை பார்ப்போம். "யூரின் டெஸ்ட் எடுத்தாச்சு" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். அது வேறு, கல்ச்சர் வேறு என்பது பலருக்குத் தெரியாது. எங்கள் நிலையத்தில் கல்ச்சர் பார்க்க வசதி கிடையாது. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவோம்.

மாமியார் பக்கத்தில் இருக்கும்போது எரிச்சல் இருக்கிறதா என்று கேட்டால் எந்தப் பெண்ணும் இல்லை என்றுதான் சொல்லும். எடை பார்க்க உள்ளே கூப்பிட்டுக் கேட்டால் சொல்லும். ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் எங்கள் ஊரில் நிறைய. நாள் முழுக்கப் போக முடியாது, அதனால் தண்ணீரே குடிப்பதில்லை என்பார்கள். உட்கார நாற்காலி கொடுக்க வேண்டும் என்று 2021-ல் சட்டம் வந்தது. சுத்தமான கழிப்பறையும் போய்வர ஐந்து நிமிடமும் அதே அளவுக்குத் தேவை.

தாமிரபரணி கண்ணு, உன் ரிப்போர்ட்டின் நகலைத் தாய் சேய் நல அட்டைக்குள்ளேயே வைத்துக்கொள். நாளைக்கு எந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அதை நீட்டு.

லேப்_மேசை | வெள்ளி, காலை 6.40

அம்மா சொன்னது பொன்னான வார்த்தை. பழைய கல்ச்சர் ரிப்போர்ட் கையில் இருந்தால், அவசரத்தில் முதல் ஊசியே சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். செவ்வந்தி அவர்கள் இழந்த அந்த இரண்டு நாளை அது மிச்சப்படுத்தும்.

யாழ்மழை (யாழ்ப்பாணம்) | வெள்ளி, இரவு 8.15

நான் கிளினிக்கில் கல்ச்சருக்குக் கொடுத்தபோது முதல் தடவை "மிக்ஸ்ட் குரோத்" என்று வந்தது. அப்படியென்றால் கிருமி இல்லையா, நிறைய இருக்கிறதா என்று விளங்கவில்லை. மருத்துவிச்சி அக்கா திரும்ப எடுக்கச் சொன்னார். இரண்டாவது தடவை ஒன்றும் வளரவில்லை.

லேப்_மேசை | சனி, காலை 6.20

மூன்று நாலு வகை சேர்ந்து வளர்ந்தால் பெரும்பாலும் தோலிலிருந்து கலந்தது என்று அர்த்தம், திரும்ப எடுப்பதே சரி. வெறும் தண்ணீரால் முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாகக் கழுவிவிட்டு, முதலில் வருவதைக் கொஞ்சம் விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பாட்டிலில் பிடிக்க வேண்டும். பாட்டிலின் உள்பக்கத்தைத் தொடக்கூடாது. வீட்டில் கழுவிக் காயவைத்த ஜாம் பாட்டில் வேண்டாம், லேபில் கொடுக்கும் மூடிய பாட்டில்தான். இரண்டு மணி நேரத்துக்குள் எங்களிடம் வந்துவிட வேண்டும், முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வைக்கலாம், உறைய வைக்கக்கூடாது. வெயிலில் பையில் கிடந்தால் பத்துக் கிருமி லட்சமாகிவிடும். இல்லாத நோய்க்கு ஒரு பெண் மருந்து சாப்பிடுவாள்.

தாமிரபரணி | அடுத்த புதன், இரவு 9.00

ஏழு நாளும் முடிந்தது, ஒரு வேளைகூட விடவில்லை. டாக்டர் அம்மா சொன்னது போலவே நிறம் மாறியது. முன்பே தெரியாமல் இருந்திருந்தால் பயத்தில் நிறுத்தியிருப்பேன். செவ்வந்தி அக்கா எழுதியதை அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து இரண்டு வேளையும் "சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா" என்று அவரே வந்து கேட்டார். பத்து நாளில் திரும்பக் கல்ச்சர்.

தாமிரபரணி | மூன்று வாரம் கழித்து, வெள்ளி

ரிப்போர்ட் வந்துவிட்டது. "வளர்ச்சி இல்லை." இனி பிரசவம் வரை மாதம் ஒரு தடவை பார்ப்போம் என்றார் மருத்துவர். இரண்டு ரிப்போர்ட்டும் அட்டைக்குள் இருக்கின்றன.

புதுவரவு_22 | அதே வெள்ளி, இரவு 9.35

இந்த இழையை இப்போதுதான் முழுக்கப் படித்தேன். எனக்கு 16-வது வாரம், இரண்டு நாளாக எரிச்சல். காய்ச்சல், முதுகு வலி எதுவும் இல்லை. சாயங்காலம் ஒரு மருத்துவர் செஃபிக்சிம் எழுதினார், டெஸ்ட் எடுக்கவில்லை. இன்னும் ஒன்றுகூடப் போடவில்லை. ரிப்போர்ட் வர மூன்று நாள் ஆகும் என்கிறீர்களே, அதுவரை எரிச்சலோடு இருக்க வேண்டுமா?

பிரசவ_வார்டு | வெள்ளி, இரவு 9.50

இருக்க வேண்டாம். காலையில் எழுந்ததும் முதல் தடவை போகும்போது நடுவில் வரும் சிறுநீரைப் பிடித்து லேபில் கொடுத்துவிடுங்கள், கொடுத்த கையோடு மாத்திரையைத் தொடங்கலாம். அந்த மருத்துவரைக் கூப்பிட்டு, கல்ச்சர் கொடுக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். ரிப்போர்ட் வந்ததும் இந்த மருந்தே கேட்கிறதா, மாற்ற வேண்டுமா என்று அவர் பார்ப்பார். இரவில் குளிரெடுத்தால் காலை வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

தாமிரபரணி | வெள்ளி, இரவு 9.58

பாட்டிலை இன்றைக்கே வாங்கி வைத்துவிடுங்கள் தோழி. காலையில் லேப் திறக்கும் வரை அடக்கிக்கொண்டு இருக்க முடியாது. எங்கள் தெருவில் லேப் ஏழு மணிக்குத்தான் திறக்கும், நான் ஐந்தரைக்கு எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்திருந்தேன்.

புதுவரவு_22 | வெள்ளி, இரவு 10.20

அவர் போய் வாங்கி வந்துவிட்டார். மூடி மேல் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். காலையில் கொடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன் அக்கா.